இரண்டு பச்சை அடையாளங்களும் ஒன்பது பெயர்களும்: ஒரு மேர்ஜின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு சிறுபோகத்தின்போது, கிளிநொச்சியில் ஒரு கிளை வாய்க்காலுக்காக எங்கள் மென்பொருள் தயாரித்துக் கொடுத்த முறைத்தண்ணீர்ப் பட்டியலில் ஒன்பது கமக்காரரின் பெயர்கள் இல்லாமற் போயின. வாய்க்கால் திறப்பதற்கு முதல்நாள் மாலை கமக்காரர் அமைப்பின் செயலாளர் பட்டியலைத் தம் பழைய கொப்பியுடன் வைத்துச் சரிபார்த்தபடியால் எவருடைய வயலும் காயவில்லை. அவர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, ஒன்பது பேரைக் காணேல்லை. நாளைக்கு ஆக்கள் மண்வெட்டியோட வந்து நிண்டா நான் என்ன சொல்லுறது?” அன்றிரவே விடுபட்ட பெயர்களைக் கையால் எழுதிச் சேர்த்தோம்.

பெயர்கள் மறைந்ததற்கான காரணத்தைத் தேடிப் போனபோது, பிழையான ஒரு வரி நிரல்கூட எங்களுக்கு அகப்படவில்லை. இரண்டு மாற்றங்கள் தனித்தனியே சரியாக இருந்தன; இரண்டும் மீளாய்வு செய்யப்பட்டிருந்தன; இரண்டுக்கும் தன்னியக்கப் பரிசோதனைகள் தேறியதற்கான பச்சை அடையாளம் விழுந்திருந்தது. அவை சேர்ந்த இடத்திலேயே பிழை பிறந்தது. நாங்கள் அங்கீகரித்தது ஒன்று, பிரதான கிளையில், அதாவது எல்லோருக்கும் பொதுவான நிரலில், வந்து சேர்ந்தது இன்னொன்று என்பதே இந்த நிகழ்வின் சாரம். திறந்த மூல மென்பொருளைச் சிறு குழுவாகப் பராமரிப்பவர்களுக்கு இது பயன்படக்கூடும் என்பதால், என் தவறு உட்பட நடந்ததை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

மென்பொருளும் ஆட்களும்

சிறுபோகம் காலபோகத்தைப் போன்றதன்று. மழை ஓய்ந்தபின் குளத்தில் எஞ்சியிருக்கும் தண்ணீரைக் கொண்டே பயிர் செய்ய வேண்டியிருப்பதால், எத்தனை ஏக்கரில் விதைப்பது என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகிறது. அதன்பின் எந்த நாளில் எவருடைய காணிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்ற ஒழுங்கு வாய்க்கால் வாய்க்காலாக எழுதப்படும். அந்த ஒழுங்கைக் கணினியில் தயாரித்து, அச்சிட்டு, தொலைபேசியிலும் பார்க்கக்கூடியதாகச் செய்வதே எங்கள் மென்பொருளின் வேலை. பைத்தனில் எழுதப்பட்டது, மூல நிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் இணையத்தளத்தில் எவரும் பார்க்கவும் எடுக்கவும் கூடியதாகக் கிடக்கிறது.

பராமரிப்பவர்கள் ஐந்து பேர். அவர்களில் இருவர் இந்த நிகழ்வுக்கு முக்கியமானவர்கள். ஒருவர் வவுனியாவில் இருக்கும், ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர். எங்களிற் பலருக்கு உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் கற்பித்தவர் என்பதால் குழுவில் எல்லோருக்கும் அவர் ‘சேர்’. மற்றவர் அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் படிக்கும் மாணவி. குழுவில் வயதால் இளையவர், எல்லோருக்கும் தங்கச்சி. பிரதான கிளையில் மாற்றங்களைச் சேர்க்கும், அதாவது மேர்ஜ் செய்யும், பொறுப்பு என்னுடையது. அப்போது எங்களிடம் இருந்த விதி ஒன்றே: எழுதியவரைத் தவிர இன்னொருவராவது அங்கீகரித்த பின்பே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும்படி வைக்கும் கோரிக்கை) மேர்ஜ் செய்யப்படும்.

முதலாவது மாற்றம்: தங்கச்சியுடையது

கமக்காரர் பெயர்கள் எங்களுக்கு இரண்டு வழிகளில் வருகின்றன. சிலவற்றைத் தொலைபேசியில் நேரடியாகத் தட்டச்சு செய்கிறார்கள். பெரும்பாலானவை அமைப்புகளிடம் ஆண்டுக்கணக்காக இருக்கும் விரிதாள்களில் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை எழுத்துக் குறியீடுகளுக்கான பொதுத் தரமான யுனிகோட்டுக்கு மாற்ற ஒரு சிறு மாற்றியை நாங்களே எழுதியிருந்தோம்.

பொன்னம்பலம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பாமினியில் ‘பொ’ என்பதை எழுத ஒற்றைக்கொம்பு, பகரம், கால் என மூன்று விசைகளைத் தட்ட வேண்டும். எங்கள் மாற்றி கொம்பைப் பகரத்துக்குப் பின்னே நகர்த்தியதோடு நின்றுவிட்டது; கொம்பையும் காலையும் ஒன்றாக்கவில்லை. தொலைபேசி விசைப்பலகையோ ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தருகிறது. ஆகவே தொலைபேசியில் தட்டிய பொன்னம்பலம் 11 யுனிகோட் குறியீடுகளாலும், விரிதாளிலிருந்து வந்த பொன்னம்பலம் 12 குறியீடுகளாலும் ஆனவை. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் முன்னது 33 பைட், பின்னது 36 பைட். திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது, ஆனால் கணினிக்கு அவை இரண்டு ஆட்கள். உயிர்மெய்களில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று வரிசைகளுக்கு மட்டுமே இந்த இரட்டை வடிவம் உண்டு. யுனிகோட் தரம் இவ்விரு வடிவங்களையும் சமமானவை என்றே வரையறுத்திருக்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்க முறை இரண்டையும் ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

தங்கச்சியின் மாற்றம் இதைத்தான் செய்தது. தரவுத்தளத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியது. அதோடு, பெயரைத் தேடும் செயற்கூற்றின் வாசலிலேயே, உள்ளே வரும் பெயரையும் அதே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தது. சிறிய, தெளிவான, நல்ல பரிசோதனைகளோடு வந்த மாற்றம் அது.

இரண்டாவது மாற்றம்: சேருடையது

பட்டியல் தயாராக அதிக நேரம் எடுக்கிறது என்ற முறைப்பாடு நெடுநாளாக இருந்தது. விரிதாளின் ஒவ்வொரு வரிக்கும் தரவுத்தளத்தை ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்ததே காரணம். சேர் அதை மாற்றி எழுதினார். எல்லாக் கமக்காரரையும் ஒரே தடவையில் எடுத்து, பெயரும் காணி இலக்கமும் சேர்ந்த சாவியின் கீழ் நினைவகத்தில் வைத்து, விரிதாள் வரிகளை அவற்றோடு பொருத்தினார். பட்டியல் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. ஆனால் பழைய தேடல் செயற்கூறு இப்போது அழைக்கப்படவே இல்லை. மேலும், விரிதாள்களில் வெற்று வரிகள் இடையிடையே இருப்பதால், பொருந்தாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி எழுதியிருந்தார்.

சேர் எழுதிய நாளில் இதிலும் பிழை இல்லை. தரவுத்தளத்திலும் விரிதாளிலும் இருந்தவை ஒரே மாற்றியால் வந்த ஒரே 12 குறியீட்டு வடிவங்கள், அவை பொருந்தின. தங்கச்சியின் மாற்றம் வந்து தரவுத்தளத்துப் பெயர்களை 11 குறியீட்டு வடிவமாக்கிய பின்புதான், விரிதாளின் 12 குறியீட்டுப் பெயருக்குச் சோடி இல்லாமற் போனது. விடுபட்ட ஒன்பது பெயர்களையும் தாளில் எழுதிப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு கொம்பும் காலும் இருந்தன. கந்தசாமிகளும் இராசம்மாக்களும் பட்டியலில் பத்திரமாக இருந்தார்கள்.

கிட் ஏன் எச்சரிக்கவில்லை

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உருவாக்குவோருக்காக எழுதத் தொடங்கிய கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, கிளைகளைச் சேர்ப்பதை மிக எளிதாக்கியது. ஆனால் அது சேர்ப்பது வரிகளையே. இரண்டு கிளைகளையும் அவற்றின் பொது மூதாதையான கொமிட்டோடு (பதிவு செய்யப்பட்ட நிரல் நிலையோடு) ஒப்பிட்டு, இரண்டு பக்கமும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் மாத்திரம் முரண்பாடு என்று நிறுத்தும். தங்கச்சி தொட்டது பெயர்களுக்கான கோப்பை. சேர் தொட்டது பட்டியலுக்கான கோப்பை. ஆகவே மேர்ஜ் தடையின்றி நடந்தது. வரிகள் மோதாமல் பொருள் மோதுவதை அறியும் ஆற்றல் அதற்குக் கிடையாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அப்படியானால் தன்னியக்கப் பரிசோதனைகள்? இங்கேதான் நான் நெடுநாள் தவறாக விளங்கியிருந்த ஒரு விடயம் இருக்கிறது. கிட்ஹப்பின் வழமையான அமைப்பில், புல் ரிக்வெஸ்டுக்கான பரிசோதனை அந்தக் கிளையைப் பிரதான கிளையோடு பரீட்சார்த்தமாகச் சேர்த்தே ஓடுகிறது. அதனால் பச்சை அடையாளம் என்றால் சேர்ந்த பின்னும் சரி என்று நம்பியிருந்தேன். ஆனால் அது பரிசோதனை ஓடிய நேரத்தில் பிரதான கிளை இருந்த நிலையோடு சேர்த்த விளைவு. பிறகு பிரதான கிளை முன்னேறிவிட்டால் பரிசோதனை தானாக மீண்டும் ஓடாது. பச்சை பழைய பச்சையாகவே நிற்கும். சேரின் கோரிக்கைக்குப் பச்சை விழுந்தது ஒரு வியாழக்கிழமை. தங்கச்சியின் மாற்றத்தை நான் மேர்ஜ் செய்தது ஞாயிறு மாலை. அன்றிரவே, வியாழக்கிழமைப் பச்சையை நம்பி, சேருடையதையும் மேர்ஜ் செய்தேன்.

ஆனால் பரிசோதனையை மறுபடி ஓட்டியிருந்தாலும் பிழை பிடிபட்டிராது என்பதையும் சொல்லியாக வேண்டும். சேரின் பரிசோதனைத் தரவில் இருந்த மாதிரிப் பெயர்களில் ஒன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இல்லை. நாங்கள் பழுதான மேர்ஜுக்குத் திரும்பிப் போய்ப் பரிசோதனைகளை ஓட்டினோம், அத்தனையும் பச்சை. எந்த ஏற்பாடும் மாதிரித் தரவில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துத் தராது. தமிழ்ப் பெயர்களைக் கையாளும் மென்பொருளில் மாதிரித் தரவைத் தெரிவு செய்வதே ஒரு தனி வேலை என்பதை நாங்கள் அதுவரை உணரவில்லை.

அனுப்பப்படாத ஒரு கருத்து

பரிசோதனைகளால் முடியாததை ஒரு மனிதர் கண்டிருந்தார். நிகழ்வுக்குப் பின் நாங்கள் கிளிநொச்சியில் கூடியபோது தங்கச்சி தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். சேரின் கோரிக்கையில், சாவியை உருவாக்கும் வரிக்குக் கீழே அவர் எழுதிய கருத்து இருந்தது: “இங்கே விரிதாளின் பெயர் நேரடியாக எடுக்கப்படுகிறது. என்னுடைய மாற்றம் சேர்ந்தபின் இது பொருந்துமா?” எழுதிய திகதி சனிக்கிழமை, மேர்ஜுக்கு முதல்நாள். ஆனால் அதன் மேல் ‘நிலுவையில்’ என்ற அடையாளம் இருந்தது. கிட்ஹப்பில் மீளாய்வைத் தொடங்கி எழுதும் கருத்துகள், மீளாய்வைச் சமர்ப்பிக்கும் வரை எழுதியவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அவர் சமர்ப்பிக்கவில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் கற்பித்தவரின் வேலையில், உலகமே பார்க்கக்கூடிய இடத்தில், ஒரு மாணவி கேள்வி போடுவது இலேசான காரியமல்ல. தனியாகச் சொல்லலாம், பணிவாகச் சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்றுதான் மனம் போகும். அந்த ‘பிறகு’ வருவதற்குள் நான் பொத்தானை அழுத்திவிட்டேன். சேரின் மாற்றத்தை அங்கீகரித்ததும் நானே. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் பேருந்தில், தொலைபேசித் திரையில், மேலிருந்து கீழாக ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு “நன்றாக இருக்கிறது சேர்” என்று எழுதினேன். பொருந்தாத வரியைத் தாண்டிப் போ என்ற இடத்தில் நின்று, ‘வெற்று வரி அல்லாமல் பெயருள்ள வரி பொருந்தாவிட்டால் என்ன செய்வது?’ என்று நான் கேட்டிருந்தால் போதும். தண்ணீர்ப் பட்டியல் போன்ற ஒன்றில் சத்தமில்லாமல் விடுபடுவதைவிட, பிழை காட்டி நின்றுபோவதே நல்லது. அந்தக் கேள்வியை நான் கேட்காததற்கு நேரமின்மை பாதிக் காரணம். எழுதியவர் சேர் என்பது மீதி.

திருத்தப் போய் வந்த இரண்டாவது பிழை

விடயம் தெரிந்தவுடன் சேரின் மேர்ஜைப் பின்வாங்கும் கட்டளையால் நீக்கினோம். பழைய, மெதுவான பட்டியல் திரும்பி வந்தது. சேர் தம் கிளையில் திருத்தக் கொமிட் ஒன்றைச் சேர்த்து மறுபடி கோரிக்கை வைத்தார்; இம்முறை எல்லோரும் பார்த்தோம்; மேர்ஜ் செய்தோம். பிரதான கிளையில் வந்து விழுந்தது அந்தக் கடைசித் திருத்தம் மட்டுமே. வேகமான பட்டியலுக்கான மிகுதி நிரல் வரவேயில்லை.

ஒரு மேர்ஜைப் பின்வாங்கும்போது கிட் அதன் விளைவை நீக்குகிறதே தவிர, அந்தக் கொமிட்டுகள் வரலாற்றில் சேர்ந்துவிட்டன என்பதை நீக்குவதில்லை. அதே கிளையை மீண்டும் சேர்க்கும்போது ‘இவை ஏற்கெனவே என்னிடம் உண்டு’ என்று பழையவற்றை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் எடுக்கிறது. முதலில் பின்வாங்கலையே பின்வாங்கி, அதன் பிறகே திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். அல்லது கிளையை மறு அடித்தளமிட்டுப் புதிய கொமிட்டுகளாக்க வேண்டும். கிட்டின் சொந்த ஆவணங்களில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி இருக்கிறது. நாங்கள் அதை இந்த நிகழ்வுக்குப் பின்பே படித்தோம்.

பெரியவர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள்

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. லினக்ஸ் கருவில் ஒவ்வொரு துணைப்பகுதிக்கும் தனிப் பராமரிப்பாளர்கள் தனி மரங்களை (நிரல் களஞ்சியங்களை) வைத்திருக்கிறார்கள். அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதற்கென்று 2008இல் ஸ்டீபன் ரொத்வெல் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற மரத்தைத் தொடங்கினார். மாற்றங்களை ஏற்கும் இரண்டு வார மேர்ஜ் சாளரத்துக்குள் எல்லாம் வந்து குவிந்த பிறகு மோதலைக் கண்டுபிடிப்பதைவிட, அதற்கு முன்பே கண்டுவிடுவது அதன் பயன். ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் களஞ்சியத்தில் மனிதர் எவரும் நேரே மேர்ஜ் செய்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மாற்றத்தை போர்ஸ் என்ற தன்னியக்கி எடுத்து, அந்த நேரத்துப் பிரதான கிளையோடு சேர்த்து, பரிசோதனைகள் முழுவதையும் ஓட்டி, தேறினால் மட்டும் முன்னகர்த்துகிறது. கிட்ஹப் இதே எண்ணத்தை மேர்ஜ் வரிசை என்ற பெயரில் 2023இல் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

மீளாய்வு செய்பவரின் குரலுக்கு எவ்வளவு வலு என்பதில் கெரிட் என்ற மீளாய்வுக் கருவி எனக்குப் பிடித்திருக்கிறது. லிப்ரேஓபிஸ் போன்ற திட்டங்கள் பயன்படுத்தும் அந்தக் கருவியில், வழமையான அமைப்பின்படி, உரிமையுள்ள ஒருவர் −2 என்று இட்டுவிட்டால் வேறு எவர் +2 இட்டாலும் மாற்றம் உள்ளே போகாது. மறுப்பு எண்ணிக்கையில் கரைந்துபோவதில்லை.

எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க மென்பொருளில் பின்கதவு (இரகசிய நுழைவழி) வைக்கப்பட்டிருந்ததாக 2024 மார்ச்சில் வெளிவந்த விவகாரத்தையும் நான் இதன் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன், எங்கள் வழு தவறுதலாக வந்தது, அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்ற பெரிய வேறுபாடு இருந்தாலும். அந்தப் பின்கதவைத் தூண்டிவிடும் நிரல் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட பொதியில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) வழியாக உள்நுழைய வழமையைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற மென்பொருளாளர் அதைத் தோண்டிப் போனதால்தான் உண்மை தெரிந்தது. அங்கும் கண்ணால் பார்க்கப்பட்டது ஒன்று, ஆட்களின் கையில் போய்ச் சேர்ந்தது இன்னொன்று.

நாங்கள் மாற்றியவை

மேர்ஜ் வரிசை எங்களுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தேன். கிழமைக்கு இரண்டோ மூன்றோ கோரிக்கைகள் வரும் குழுவுக்கு அது பெரிய ஏற்பாடு. அதற்குப் பதிலாக, பிரதான கிளையின் தற்போதைய நிலையோடு ஒத்திசைக்கப்படாத எந்தக் கோரிக்கையையும் மேர்ஜ் செய்ய முடியாதபடி கிளைப் பாதுகாப்பை அமைத்தோம். ஒரு கோரிக்கை உள்ளே போனால் மற்றக் கோரிக்கைக்காரர்கள் தங்கள் கிளையைப் புதுப்பித்து, பரிசோதனை மறுபடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். இணைய வேகம் குறைந்த இடங்களில் இருப்பவர்களுக்கு இது சலிப்பைத் தருகிறது. அந்தச் சலிப்பை ஏற்றுக்கொண்டோம். அங்கீகாரத்தின் பின் நிரல் மாறினால் அங்கீகாரம் நீங்கும் என்பதையும் சேர்த்தோம். மாதிரிப் பெயர்களுக்கென ஒரு தனிக் கோப்பு வைத்திருக்கிறோம். அதன் முதலிரண்டு வரிகள் 11 குறியீட்டுப் பொன்னம்பலமும் 12 குறியீட்டுப் பொன்னம்பலமும். பெயரைத் தொடும் எந்தப் பரிசோதனையும் அந்தக் கோப்பைக் கொண்டே ஓட வேண்டும். பெயருள்ள வரி பொருந்தாவிட்டால் பட்டியல் இப்போது அச்சாகாது. எந்த வரி என்று சொல்லி நிற்கும்.

கோரிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது: இப்போது திறந்திருக்கும் வேறு எந்தக் கோரிக்கை இதே தரவைத் தொடுகிறது? எழுதுபவர் மற்றக் கோரிக்கைகளைத் திறந்து பார்க்காமல் இதற்கு விடை எழுத முடியாது.

எல்லாவற்றிலும் நான் அதிகம் மதிப்பது சேரே முன்வைத்த விதியை. கிளிநொச்சிக் கூட்டத்தில் தங்கச்சியின் தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பிள்ளை, இதை அண்டைக்கே போட்டிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பன்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இனித் தம் கோரிக்கைகளில் குழுவின் இளையவர் கருத்து எழுதும்வரை வேறு எவரும் அங்கீகரிக்கக்கூடாது என்றார். மூத்தவர் ஒருவர் “நன்றாக இருக்கிறது” என்று எழுதிய பிறகு இளையவர் மறுத்து எழுதுவது இரண்டு பேரை மறுப்பதாகிவிடும் என்பது அவர் விளக்கம். இப்போது அது எல்லோருடைய கோரிக்கைகளுக்கும் பொருந்தும் விதி. மறுக்கும் கருத்தின் தொடக்கத்தில் ‘தடை’ அல்லது ‘விருப்பம்’ என்று ஒரு சொல் இட வேண்டும். தடை என்றால் தீராமல் மேர்ஜ் இல்லை. விருப்பம் என்றால் எழுதியவர் தீர்மானிக்கலாம். எவ்வளவு பணிவாக எழுதினாலும் அந்த ஒரு சொல் கருத்தின் வலுவைக் காட்டிவிடுகிறது.

சென்ற மாதம் சேர் வைத்த ஒரு கோரிக்கையில் தங்கச்சியின் ‘தடை’ நிற்கிறது. என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தாலும் எழுதலாம், 2005இல் யுனிகோட்டில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்காது. கௌரி என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டுபவர்களும் உண்டு. சேர் இவற்றையும் சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்ற விரும்புகிறார். காணிப் பத்திரத்தில் உள்ளபடி ஒருவர் தந்த பெயரை நாங்கள் மாற்றக்கூடாது, ஒப்பிடுவதற்கு மட்டும் தனிச் சாவி வைத்துக்கொள்ளலாம் என்பது தங்கச்சியின் வாதம். இருவரும் மாறி மாறி நீளமாக எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தங்கச்சி சொல்வதே சரியெனப் படுகிறது. அதை நானும் அங்கே எழுதிவிட்டேன். கோரிக்கை இன்னும் திறந்திருக்கிறது.